எழுதி முடித்த நாவலை எழுதத் தொடங்குதல்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்நிகழ்ச்சியிலே உரையாற்றுபவர்கள் பெரும்பாலும் வெளிவந்த நூல்களைப் பற்றியே பேசுவது வழக்கம். நான் இன்று வெளிவராத ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது வெளிவருமா என்பதும் எனக்குத் தெரியாது. நானே எழுதிய நாவல் என்பதால் தற்புகழ்ச்சிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த உரை முடியும்போது அப்படியொரு அச்சம் உங்களுக்கு இராது.

நான் ஓர் இந்துக் கல்லூரியிலே உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். இருபது வருடங்களாகப் பிறருடைய எழுத்தைச் சிவப்புப் பேனையால் திருத்திப் பழகிய கை. 2020 பங்குனி மாதத்தில் ஊரடங்கு வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது, திருத்துவதற்குக் கொப்பிகள் இல்லாமற் போயின. வீட்டிலே கிடந்த ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். 2024 கார்த்திகையில் ஒரு மழை இரவிலே பதினோராவது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகளும் இழுத்தேன். மனைவியை எழுப்பிச் சொன்னேன். "நல்லது, லைற்றை நூத்துப்போட்டுப் படுங்கோ" என்றார். எனது நாவலுக்குக் கிடைத்த முதலாவது விமர்சனம் அதுதான்.

நாவலின் களம் வலிகாமத்துச் செம்பாட்டு மண். காலம் 1970 முதல் 1978 வரை. அந்த ஆண்டுகளின் பொருளாதாரம் நேயர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்திலே மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி தடைப்பட்டது. செத்தல் மிளகாய்க்கு விலை ஏறியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் முதன்முதலாகக் கல்வீடு கட்டினான். மெசின் வைத்துத் தண்ணீர் இறைத்தான். மகளுக்குச் சீதனம் கொடுத்தான். 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தபோது அந்த விலை விழுந்தது. மிளகாயை நம்பிக் கடன்பட்டவன் கடனோடு நின்றான்.

இன்னொன்றும் அந்தக் காலத்திலே நடந்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஈழத்து எழுத்தாளனுக்கு ஈழத்து வாசகன் கிடைத்தான். வீரகேசரி பிரசுரங்கள் கடைதோறும் தொங்கின. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அப்படித்தான் வெளிவந்தது. மிளகாயும் நாவலும் ஒரே மழையிலே முளைத்தன என்று நான் வகுப்பிலே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மிளகாயைப் பயிரிட்டவர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதவேண்டும் என்ற ஆசை அந்த வேடிக்கையிலிருந்துதான் வந்தது. அதிலே வருகின்ற தோட்டக்காரன் எனது தகப்பனார். பெயரை மாற்றியிருந்தேன். ஊராரை ஏமாற்ற அது போதாது.

எழுதி முடித்தாயிற்று என்ற செய்தி பரவியதும் நண்பர்கள் இரண்டு விதமாக ஆலோசனை கூறினார்கள். சிலர், இன்ன போட்டிக்கு இன்ன திகதிக்குள் அனுப்பு என்றார்கள். வேறு சிலர் முந்நூறு பிரதி அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எடுத்து, வெளியீட்டு விழா வை என்றார்கள். தலைமை தாங்குபவரையும் முதற் பிரதி பெறும் வர்த்தகரையும்கூட ஒருவர் தெரிவு செய்துவிட்டார். எங்கள் நாவல்களிலே பலவற்றை முடித்து வைப்பது எழுத்தாளன் அல்ல, மண்டபத்துக்குப் பதிவு செய்த திகதிதான். இதை நான் மனவருத்தத்தோடு சொல்கிறேன். பத்திரிகைத் தொடராக எழுதியவர்களுக்கு நியாயம் இருந்தது. இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' தினகரனிலே தொடராக வந்தது. வாரம் தவறாமல் அத்தியாயம் கொடுக்க வேண்டியவன் திரும்பிப் பார்க்க முடியாது. கொப்பியிலே எழுதி அலுமாரியில் வைத்திருக்கும் எனக்கு அந்த அவசரம் எதற்கு?

ஆகவே பதினொரு கொப்பிகளையும் ஒரு சேலைத் துண்டிலே கட்டி, அம்மாவின் பழைய றங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். நாலு மாதம் திறப்பதில்லை என்று தீர்மானம். சித்திரை விடுமுறையிலே எடுத்தேன். கையிலே பேனை இல்லாமல், மூன்று நாளில், ஒரு வாசகனைப்போல வாசித்தேன். பேனை இருந்திருந்தால் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டு, நாவல் செம்மையாகிறது என்று என்னை நானே ஏமாற்றியிருப்பேன். ஒற்றுப் பிழை திருத்துவது தமிழாசிரியனுக்கு ஒருவகைப் போதை.

வாசிக்கும்போது, என்னையறியாமல் நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் பொதுப் பாயிரத்திலே ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், ஆகும் பத்து அழகுகளையும் தொகுத்து வைத்திருக்கிறார். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதைப் படிப்பிக்கிறேன். அது இலக்கண நூலுக்கும் சாத்திர நூலுக்கும் சொன்னது, நாவலுக்குச் சொன்னதல்ல என்று யாரும் வாதிடலாம். வாதம் சரியானதே. ஆனால் என் கொப்பிகளை வாசித்தபோது, அந்த முனிவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது.

மாறுகொளக் கூறல் என்பது ஒரு குற்றம். நாலாம் அத்தியாயத்திலே கதாநாயகன் தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்கிவிட்டான், பூசையும் போட்டுவிட்டான். ஏழாம் அத்தியாயத்திலே, அதே கிணற்றில், அதே மனிதன் துலா மிதிக்க ஆள் தேடுகிறான். நான் துலா இறைப்பைப் பற்றி அழகாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைச் செருக இடம் இல்லாமல் ஏழிலே செருகியிருக்கிறேன். கூறியது கூறல் இன்னொன்று. எங்கள் கிணற்றடி வேம்பின் நிழல் பதினாலு இடங்களில் விழுகிறது. எண்ணிப் பார்த்தேன். கதாநாயகி துக்கம் வரும்போதெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். அறுநூறு பக்கத்தில் அந்தச் சேலை காயவே இல்லை. சென்று தேய்ந்து இறுதல் என்ற குற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசிக் கொப்பியைப் பார்த்தாலே தெரிகிறது: எழுத்துக் கூடப் பெரிதாகி, வரிக்கு நாலு சொல்லாக, எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம்.

இவை எல்லாம் திருத்தக்கூடிய குற்றங்கள். ஒரு மாதத்தில் திருத்திவிடலாம் என்றே நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்த வேளையிலேதான் ஐயா ஒருநாள், "என்ன மோனை எழுதினனி? ஒருக்கா வாசி பாப்பம்" என்றார். ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. கண் பார்வை மங்கிவிட்டது. பத்திரிகையையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். அன்று முதல் பின்னேரங்களில், முற்றத்திலே கதிரை போட்டு, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாக வாசித்தேன்.

நேயர்களே, எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது ஓசைக்காக என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது உண்மைக்காகவும்தான் என்பது அந்த முற்றத்திலே தெரிந்தது. ஐயா அதிகம் பேசமாட்டார். பிழையான இடத்தில் தலையை மெல்ல அசைப்பார். பாத்திகளுக்கு நான் தண்ணீர் 'பாய்ச்சினேன்' என்று எழுதியிருந்தேன். "தண்ணி மாறுறது எண்டு எழுதன்" என்றார். சரியென்று குறித்துக்கொண்டேன்.

ஆறாம் அத்தியாயம், 1974 தை மாதம் யாழ்ப்பாணத்திலே நடந்த நாலாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு. இருபத்தெட்டுப் பக்கம். அலங்கார வளைவுகள், ஊர்திகள், அறிஞர்கள் என்று நூல்நிலையத்தில் இருந்து குறிப்பெடுத்து எழுதியது. கதாநாயகன் தம்பி பிள்ளைகளோடு மாநாட்டுக்குப் போகிறான். ஐயா பொறுமையோடு முழுவதையும் கேட்டார். பிறகு, "நாங்கள் போகேல்லை. அண்டைக்கு எங்களுக்கு இறைப்பு முறை" என்றார். பங்குக் கிணற்றிலே ஒவ்வொரு பங்காளிக்கும் தண்ணீர் இறைக்க நாள் முறை உண்டு. அதைத் தவறவிட்டால் பயிர் காயும். உலகத்து அறிஞர்கள் எல்லாம் வந்து கூடிய நாளிலே, அவர்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இருபத்தெட்டுப் பக்கமும் மற்றொன்று விரித்தல் என்று விளங்கியது. அந்த அத்தியாயத்தை வெட்டி, ஐயா சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். குறிப்பெடுத்த உழைப்பு போகட்டும்.

பதினேழாம் அத்தியாயத்துக்கு வந்தோம். நாவலின் திருப்புமுனை அதுதான். 1978இல், விலை விழுந்த மறுவருடம், அண்ணன்காரன் பங்குக் கிணற்றில் தனக்குள்ள பங்கையும் காணியையும் தம்பியைக் கேளாமல் பிறத்தியானுக்கு விற்றுவிடுகிறான். தேசவழமைப்படி பங்காளியைக் கேட்டு, அவன் வேண்டாம் என்ற பிறகே பிறருக்கு விற்க வேண்டும். அண்ணன் அதைச் செய்யவில்லை. தம்பி கிணற்றடியிலே நாலு பேருக்கு முன்னால் அண்ணனைக் கேட்கக்கூடாத கேள்வி கேட்கிறான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. இது எங்கள் வீட்டுக் கதை. நான் பிறந்தது அதற்குப் பிறகு. பெரியப்பா வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது என்று சொல்லப்பட்டு வளர்ந்தவன் நான். பெரியப்பா பேராசைக்காரர் என்பது எங்கள் வீட்டிலே யாரும் வாய்திறந்து சொல்லாமலே எல்லோரும் அறிந்த செய்தி.

அறுநூறு பக்க நாவலிலே இந்த அத்தியாயம் இரண்டரைப் பக்கம்தான். அதைப் பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. பத்து அழகுகளிலே முதலாவது சுருங்கச் சொல்லல் அல்லவா? பாருங்கள், எவ்வளவு அடக்கமாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

வாசித்து முடித்தேன். ஐயா தலையை அசைக்கவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தார். நுளம்பு கடிக்கத் தொடங்கிவிட்டது. உள்ளே போவோம் என்று எழும்பினேன்.

"இரு" என்றார். "அண்ணை பங்கை வித்தது எனக்காக."

நான் இருந்தேன்.

"கொம்மாவின்ரை தாலிக்கொடி ஈட்டிலை கிடந்தது. தவணை முடியப்போகுது. வட்டிக்காசுக்காரன் வேறை. அண்ணைக்கு எல்லாம் தெரியும். என்னைக் கேட்டிருந்தால், வாங்க என்னட்டைக் காசில்லை எண்டு நாலு பேருக்கு முன்னாலை நான் சொல்லவேணும். அதுக்காகத்தான் அவர் கேக்கேல்லை."

கிணற்றடியிலே ஏசிய அன்று மாலையே பெரியம்மா வந்து, விற்ற காசிலே ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐயா வாங்கியிருக்கிறார். கொடி மீண்டது. ஆனால் ஏசிய வாயோடு அண்ணனிடம் போய் நிற்க அவருக்கு முடியவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று முப்பத்துமூன்று வருடம் போயிற்று. பெரியப்பா 2011இல் காலமானார். அன்று ஐயா போய்ப் படலையடியிலே நின்றதை நான் கண்டிருக்கிறேன். அதை வைத்துத்தான் நாவலின் இறுதிக் காட்சியை எழுதியிருந்தேன். துரோகம் செய்த அண்ணனைத் தம்பி பெருந்தன்மையோடு மன்னித்து, மரணச் சடங்குக்குப் போவதாக! மன்னித்ததாக எழுதியிருந்தேன், நேயர்களே.

2017இல் அம்மா காலமாகும் வரை அந்தக் கொடி அவருடைய கழுத்திலே கிடந்தது. இப்போது தங்கையிடம் இருக்கிறது. நாவலிலே, தம்பி இரவு பகலாகப் பாடுபட்டு அதை மீட்பதாக ஓர் அத்தியாயம் உண்டு. அதை வாசித்துக் கேட்ட நண்பர் ஒருவர் கண் கலங்கினார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டரைப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுருங்கச் சொல்லல் என்று நான் மெச்சியது குன்றக் கூறல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் சொற்கள் குறைவு. வாசகன் தானே நிரப்பிக்கொள்வான் என்று தெரிந்து விடுவது ஒன்று. தனக்கே தெரியாததால், அல்லது தெரிந்துகொள்ள விரும்பாததால் எழுத்தாளன் தாண்டிப் போவது மற்றது. மாணவருக்கு இந்த வேறுபாட்டை இருபது வருடம் கரும்பலகையிலே எழுதிக் காட்டியவன் நான்.

அதன்பின், வேறு எழுத்தாளர்கள் இப்படியான நிலையிலே என்ன செய்தார்கள் என்று தேடினேன். தோல்ஸ்தோயின் 'போரும் சமாதானமும்' கைப்பிரதியை அவருடைய மனைவி சோபியா பலமுறை படியெடுத்துக் கொடுத்தார் என்பதும், ஹெமிங்வே 1929இல் வெளிவந்த தமது போர்க்கால நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை எழுதியதாகப் பேட்டியொன்றிலே கூறினார் என்பதும் பலரும் அறிந்தவை. அவை உழைப்புக்கு உதாரணம். எனக்கு வேண்டியது அதுவல்ல. தஸ்தயேவ்ஸ்கியிடம்தான் அது கிடைத்தது. 'குற்றமும் தண்டனையும்' நாவலை அவர் முதலில் கொலை செய்தவனே தன் வாயால் சொல்வதாக எழுதிக்கொண்டு போனார். 1865 நவம்பரில், பெரும்பகுதி எழுதிய பின்னர், எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஒரு சஞ்சிகையிலே தொடராக வெளிவந்த நாவலில், கதையைச் சொல்பவன் மாறிவிட்டான். கடன்காரர் வாசலில் நின்ற காலம் அது என்பதை மறக்கக்கூடாது. அவர் வசனங்களைத் திருத்தவில்லை. யார் நின்று பார்க்கிறார்கள் என்பதைத் திருத்தினார்.

ஈழத்திலும் உதாரணம் தேடினேன். லெனார்ட் வூல்ஃப் எழுதி 1913இல் வெளிவந்த, சிங்களத்திலே 'பெத்தேகம' என்று அறியப்படுகின்ற நாவலின் கைப்பிரதி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதனை அச்சோடு ஒப்பிட்டு யஸ்மின் குணரத்ன 2004இல் ஒரு பதிப்பும் கொண்டுவந்தார். அந்த எழுத்தாளர் எதை வெட்டினார், எதை மாற்றினார் என்று ஒரு மாணவன் பார்க்கலாம். எங்கள் தமிழ் நாவலாசிரியர்கள் எத்தனை பேருடைய கைப்பிரதியை அப்படிப் பார்க்க முடியும்? எத்தனை இடப்பெயர்விலே, எத்தனை கூரையோடு அவை போயின! அவர்கள் திருத்தி எழுதவில்லை என்று நாங்கள் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். திருத்திய கடதாசிகள் இல்லை, அவ்வளவுதான்.

சரி, எனது திட்டத்துக்கு வருகிறேன். திட்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பதினொரு கொப்பியையும் எரிக்கவில்லை. அவ்வளவு துணிச்சல் எனக்கில்லை. றங்குப் பெட்டிக்குள் திரும்பவும் வைத்துப் பூட்டித் திறப்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அவற்றைப் பார்த்து எழுதினால் பழைய வசனங்கள் என்னை இழுத்துக்கொண்டு பழைய கதைக்கே போய்விடும். கலண்டர்த் தாளின் பின்பக்கத்திலே 1970 முதல் 1978 வரை வருடங்களை எழுதி, எந்த வருடம் மெசின் வாங்கியது, எந்த வருடம் எந்தப் பயிர், எப்போது யாரிடம் கடன் என்று ஐயாவைக் கேட்டுக் கேட்டு நிரப்பிச் சுவரிலே ஒட்டியிருக்கிறேன். மாறுகொளக் கூறலுக்கு அது மருந்து. மற்றக் குற்றங்களை இரண்டாம் பிரதி முடிந்த பிறகு பார்க்கலாம். வேம்பின் நிழலைக் குறைப்பது பெரிய வேலையல்ல.

பெரிய வேலை, பெரியப்பா வீட்டுப் படலையைத் தாண்டுவதுதான். நாற்பத்தைந்து வயதிலே, ஒரு சனிக்கிழமை, முதன்முறையாகத் தாண்டினேன். பெரியம்மாவும் இப்போது இல்லை. அவர்களுடைய மகள், எனக்கு அக்கா முறையானவர், தனியே இருக்கிறார். எதற்காக வந்தேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு ஓர் உறுதிக் கட்டை எடுத்து வந்து காட்டினார். காணியும், கிணற்றில் நாலிலொரு பங்கும், வாய்க்காலால் நீர் கொண்டுபோகும் உரிமையும் என்று நொத்தாரிசுத் தமிழிலே நீண்ட ஒரே வசனம். விலையும் இருந்தது. அவசரத்துக்கு விற்ற விலை. பேராசைக்காரன் அந்த விலைக்கு விற்கமாட்டான்.

"காசு கொண்டு வந்த அண்டைக்கு நானும் அம்மாவோடை வந்தனான்" என்றார் அக்கா. அப்போது அவருக்குப் பத்து வயது. "நான்தான் அரிக்கன் லாம்பு பிடிச்சனான். அம்மா முந்தானை முடிச்சை அவிட்டுக் குடுக்கேக்கை, சித்தப்பா அம்மாவைப் பாக்கேல்லை. லாம்பைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்."

பெரியப்பாவின் வாயாலே கதையைச் சொல்லலாம் என்று முன்னர் நாலு பக்கம் எழுதிப் பார்த்திருந்தேன். பொய்யாக இருந்தது. அவர் என்ன நினைத்தார் என்பதை அறிய இப்போது வழியில்லை. ஆனால் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு வீடும் தெரியும். பெரியவர்களின் காரணங்கள் தெரியாது. இரண்டாம் பிரதியை அந்தப் பிள்ளையின் கண்ணால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதனால் பல வசதிகள் போய்விட்டன. இறக்குமதிக் கொள்கையைப் பற்றி ஒரு பிள்ளை மூன்று பக்கம் பேச முடியாது. விலை விழுந்ததை, தீபாவளிக்குப் புதுச்சட்டை வராததைக் கொண்டுதான் அவள் அறிவாள். ஆசிரியன் பேசுவதற்கு இடமே இல்லை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப புத்தகம் நல்லா வரும்" என்றார்.

இதையெல்லாம் எழுதலாமா என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஐயாவிடம் கேட்டேன். "எழுதினால், அண்ணை நல்லவர். நான் ஆர்?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. முதற் பிரதியிலே அவர் வீரன். ஊரார் வாசித்து மெச்சியிருப்பார்கள். இரண்டாம் பிரதியிலே அவர், காசை வாங்கிக்கொண்டு முப்பத்துமூன்று வருடம் பேசாமல் இருந்த மனிதர். அந்த மௌனத்திலே அவருக்கு என்ன நோ இருந்தது என்பதை எழுத எனக்கு வல்லமை இருந்தால் அவருக்கு நியாயம் கிடைக்கும். இல்லாவிட்டால், பெற்ற தகப்பனைச் சந்தியிலே நிறுத்தியவனாவேன். சொந்த வீட்டுக் கதையை எழுதுகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கு உண்டு. முதற் பிரதி எழுதும்போது அது தெரிவதில்லை.

இந்த உரையிலே இதைச் சொல்லலாமா என்று அக்காவிடமும் ஐயாவிடமும் தனித்தனியே கேட்டுத்தான் வந்தேன். அக்கா, "சொல்லு, அப்பாவின்ரை பேர் நல்லாக் கேக்கட்டும்" என்றார். ஐயா சற்று யோசித்துவிட்டு, "வானொலியிலை சொன்னால் காத்தோடை போயிடும். புத்தகம்தான் கிடக்கும்" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நாலு அத்தியாயம் முடிந்திருக்கிறது. பின்னேரங்களில் வழக்கம்போல வாசித்துக் காட்டுகிறேன். ஐயா ஒன்றிரண்டு சொல்லைத் திருத்துகிறார். லாம்பு அத்தியாயத்தை முறைப்படி பின்னால் எழுதியிருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் அதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். பதினாறு பக்கம் வந்திருக்கிறது. அதை மட்டும் இன்னும் வாசித்துக் காட்டவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐயாவிடம் சொன்னேன். "அவள் வந்தால் இருக்க அந்தச் சாய்மனைக் கதிரையைத் தூசி தட்டி வை" என்றார். முற்றத்திலே இப்போது மூன்று கதிரை.